வாத்தியார் பதில்கள்: இந்த இதழில் ஆப்பிரிக்கா

சென்ற இதழில் ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனை என்று எழுதியிருந்தீர்கள். என் பேரன் சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
- வாசகர், தஞ்சாவூர்

பேரன் சொல்வதுதான் சரி. தென்கோடி அகுல்யாஸ் முனை. நன்னம்பிக்கை முனைக்குத் தென்கிழக்கே சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கிறது. அகுல்யாஸ் என்றால் போர்த்துகீசிய மொழியில் ஊசிகள். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன் இந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது. பேரனுக்கு என் செலவில் ஓர் அட்லஸ் வாங்கிக் கொடுங்கள். பில்லை எனக்கு அனுப்புங்கள்.

சுவர் வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றனவே, உண்மையா?
- வாசகி, திருச்சி

வரைபடம் பொய் சொல்கிறது. அதைத் தெரிந்தேதான் வகுப்பறையில் மாட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. 1569-ல் மெர்கேட்டர் வரைந்த முறை அது. திசைகாட்டி பிடித்துக் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு வசதியானது. ஆனால் துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும். ஆப்பிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கி.மீ. கிரீன்லாந்து அதில் பதினான்கில் ஒரு பங்குதான். நம் இந்தியாவைவிடவும் சிறியது. இந்தியாவைப் போல ஒன்பது நாடுகளை ஆப்பிரிக்காவுக்குள் வைத்த பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சும். உருண்டைக் குளோப் ஒன்று வாங்கி வையுங்கள், அதில் இந்த வம்பு கிடையாது.

மகள் குடும்பம் ஜாம்பியாவில் இருக்கிறது. விக்டோரியா அருவியைப் பார்க்கத் தீபாவளியை ஒட்டிப் போகலாமா, சித்திரையில் போகலாமா?
- வாசகி, நாகர்கோவில்

இந்தக் கேள்வியை 1981-லேயே எனக்காக யாராவது கேட்டிருக்கலாம். அங்கே அரசுப் பள்ளியில் பூகோள வாத்தியாராக வேலை கிடைத்து, அருவிக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள லிவிங்ஸ்டன் நகரில் நான் போய் இறங்கியது அக்டோபர் மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே, கடன் வாங்கிய கேமராவுடன் மனைவியையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய் நின்றால் எதிரே நூறு மீட்டர் உயரத்துக்குக் கறுத்த எரிமலைப் பாறைச் சுவர். அதில் அங்கங்கே வெள்ளை நூல் தொங்குவதுபோலத் தண்ணீர். அவ்வளவுதான். "இதற்காகவா கடல் தாண்டி வந்தோம்?" என்றாள் மனைவி.

மறுநாள் வகுப்பில் புலம்பினேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், தண்ணீர் இன்னும் அங்கோலாவில் இருக்கிறது" என்றான். பூகோள வாத்தியாருக்கு அன்று கிடைத்த பூகோளப் பாடம் அது. மழை நவம்பரில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஜாம்பெசி நதியின் மேற்பகுதியிலும் அங்கோலாவிலும் பெய்கிற மழை உடனே அருவிக்கு வந்துவிடாது. வழியில் பரோட்சே என்றொரு பெரிய சமவெளி இருக்கிறது. அங்கே பரந்து தேங்கி, மெதுவாக வடிந்து, ஏப்ரல் வாக்கில்தான் முழு வெள்ளமும் அருவியை எட்டும். அந்தச் சமவெளியில் தண்ணீர் ஏறும்போது லோசி மக்களின் மன்னர், கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டி உச்சியில் யானை உருவம் வைத்த படகில் ஏறி மேட்டு நிலத்து அரண்மனைக்குப் போவார். குவோம்போகா என்று பெயர். தண்ணீரிலிருந்து வெளியேறுதல் என்று பொருள்.

ஏப்ரலில் மறுபடி போனோம். இந்தத் தடவை அருவி இருந்தது, ஆனால் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஏறக்குறைய 1,700 மீட்டர் அகலத்துக்கு நதி முழுவதுமாக ஒரு குறுகிய பிளவுக்குள் விழுகிறது. விழுந்த வேகத்தில் சாரல் மேலே எழும்பித் திரும்ப நம் மேலேயே கொட்டுகிறது. எதிர்க்கரையின் நடைபாலத்தில் குடை பிடித்துப் பார்த்தேன். மழை கீழேயிருந்து மேலே பெய்கிற இடத்தில் குடையால் என்ன பயன்? அது வாழைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்துகொண்டதுதான் மிச்சம். கேமராவும் போயிற்று. கடன் கொடுத்தவரிடம் பட்ட பாட்டை இங்கே எழுத இடமில்லை. "இடிபோல முழங்கும் புகை", மோசி-ஓவா-துன்யா என்று உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர்தான் சரியான பெயர். 1855 நவம்பரில் வந்த ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் தன் நாட்டு ராணியின் பெயரைச் சூட்டிவிட்டார்.

ஆகவே தீபாவளியும் வேண்டாம், சித்திரையும் வேண்டாம். ஜூன், ஜூலையில் போங்கள். தண்ணீரும் இருக்கும், சாரல் தணிந்து அருவியும் தெரியும், குளிரும் இதமாக இருக்கும். ஜிம்பாப்வே பக்கத்துக்கும் சேர்த்து விசா ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், முகப்பின் பெரும்பகுதி அங்கிருந்துதான் தெரியும். பௌர்ணமியை ஒட்டி அமைந்தால் நிலா வெளிச்சத்தில் வானவில் பார்க்கலாம். திற்பரப்பு நினைப்பில் துண்டும் எண்ணெயும் எடுத்துப் போகாதீர்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் கிளிமஞ்சாரோவில் பனி எப்படி?
- வாசகர், திண்டுக்கல்

வத்தலக்குண்டில் வியர்வை துடைத்தவர் கொடைக்கானலில் ஸ்வெட்டர் தேடுகிறாரே, அப்படித்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், கிளிமஞ்சாரோ 5,895. ஆனால் இந்தப் பனியை அதிக நாள் நம்ப முடியாது. 1912-ல் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. இன்னொன்று: மலை இருப்பது தான்சானியாவில். கென்யாவின் அம்போசெலியிலிருந்து யானைகளோடு சேர்த்துப் படமெடுத்துக் காலண்டர் அடிப்பதால் எல்லோரும் கென்யா என்றே சொல்கிறார்கள்.

சஹாரா முழுவதும் மணல்தானே, சார்?
- பத்தாம் வகுப்பு மாணவன், சேலம்

இல்லை தம்பி. மணல்மேடு ஏறக்குறைய கால்பங்குதான். மீதி கூழாங்கல் தரை, மொட்டைப் பாறை, மலை. சாட் நாட்டு எல்லைக்குள் நிற்கும் எமி கூசி 3,415 மீட்டர். நம் ஆனைமுடியைவிட 700 மீட்டர் உயரம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே புல்லும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி பாறைகளில் மாட்டு மந்தைகளையும் நீர்யானையையும் அன்றைய மனிதர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். மணல்காட்டில் நீர்யானை! பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பது உன் ஆசிரியரைப் பொறுத்தது.

ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளக்கிறது என்று மைத்துனர் வீடியோ அனுப்பினார். என் மகன் நைரோபியில் இருக்கிறான். கவலைப்பட வேண்டுமா?
- வாசகி, மதுரை

பிளப்பது உண்மை, வீடியோ அரைகுறை. அது 2018 மார்ச்சில் கென்யாவின் மாய் மஹியூ பக்கம் சாலையை அறுத்த வெடிப்பாக இருக்கும். அடியில் பழைய பிளவில் தளர்ந்து கிடந்த எரிமலைச் சாம்பலைப் பெருமழை அரித்துக்கொண்டு போனது, மேல்மண் உள்வாங்கியது என்பதே பல புவியியலாளர்களின் கருத்து. நிஜப் பிளவைப் பார்க்க எத்தியோப்பியாவின் அஃபார் பாலைக்குப் போக வேண்டும். அங்கே 2005 செப்டம்பரில், சில நாட்களுக்குள், சுமார் 60 கி.மீ. நீளத்துக்கு நிலம் விலகியது. மற்றபடி வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகர்கிறது. உங்கள் மகனின் நகம் அதைவிட வேகமாக வளரும்.

பிளவின் ஆழம் புரிய வேண்டுமா? தாங்கன்யிகா ஏரி பிளவுக்குள்ளேயே கிடக்கிறது, ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதன் தரை கடல்மட்டத்துக்கும் கீழே. விக்டோரியா ஏரி பரப்பில் அதைவிட இரு மடங்கு பெரியது, ஆனால் பிளவின் இரு கிளைகளுக்கு நடுவே தட்டு மாதிரி உட்கார்ந்திருப்பதால் ஆழம் எண்பது மீட்டரைச் சுற்றித்தான்.

எங்கள் மன்னார்ப் பெருக்கமரமும் ஆப்பிரிக்காவின் பெரிய மரமும் ஒன்றா?
- வாசகி, மன்னார்

ஒன்றேதான் அம்மா. ஆங்கிலத்தில் பாவோபாப் (baobab) என்பார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். வறட்சியில் யானைகள் அதன் அடிமரத்தைத் தந்தத்தால் குத்தி, ஈரமுள்ள நாரை மென்று தின்னும். எங்கள் பள்ளி வாசலில் ஒன்று நின்றது. பையன்கள் காயைக் கல்லில் உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் துண்டுகளை இடைவேளை முழுதும் சப்புவார்கள். நல்ல புளிப்பு. புளி கிடைக்காத அந்த ஊரில் என் மனைவி ஒருநாள் அதைக் கரைத்து ரசம் வைத்தாள். கொஞ்சம் மாவு வாடை, மற்றபடி குறை சொல்ல முடியாது. மன்னாரில் யாரேனும் அப்படி வைப்பதுண்டா? எழுதுங்கள்.