துறுதுறுப்பான பிள்ளைதான் போதைக்குப் போவானா?

"என் தங்கச்சி மகனுக்கு 15 வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான், எதையும் செய்து பார்க்க வேண்டும் அவனுக்கு. இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் போதைக்குப் போவார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை, அக்கா. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 11 வருடமாகப் படிப்பிக்கிறேன். ஆரம்பத்தில் நானும் குழப்படிக்காரப் பையன்களின் பையைத்தான் சோதிப்பேன். ஆனால் என் வகுப்பில் மாவா, அதாவது வாயில் அடக்கிக்கொள்ளும் பாக்கு-புகையிலைக் கலவை, போட்டு முதலில் பிடிபட்டது வாயே திறக்காத ஒரு பையன். அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடை வேலை, இவன் அம்மாயியோடு லயத்துக் காம்பராவில். பின்னேரம் பீலிக்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பான். கடைவாயில் அடக்கியது தெரியாமலிருக்கக் குனிந்துகொண்டே பதில் சொன்னான்: "இத போட்டா ராவைக்கு யோசனை வராது சேர்."

துறுதுறுப்பான பிள்ளைகள் மட்டும் போவதில்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கனடாவில் பட்ரிசியா கொன்ரொட் என்ற உளவியலாளர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். அவர் பார்ப்பது நான்கு குணங்கள்: நம்பிக்கை விட்டுப்போவது, நெஞ்சு படபடத்தாலே பயந்துவிடுவது, யோசிக்காமல் செய்துவிடுவது, புதுப்புது கிளர்ச்சியைத் தேடுவது. நான்கு பேர் கையிலும் ஒரே பொருள் இருக்கலாம், தேவை வேறு வேறு. அதனால் எல்லோருக்கும் ஒரே பிரசங்கம் வைக்காமல், குணத்துக்கேற்பச் சிறு குழுக்களாக்கி, 90 நிமிட அமர்வுகள் இரண்டு நடத்தினார்கள். லண்டன் பாடசாலைகளில் அப்படிச் செய்ததில் பிள்ளைகளின் குடிப்பழக்கம் குறைந்ததாக 2013இல் முடிவு வெளியானது.

குணம் மட்டும் யாரையும் கெடுத்துவிடாது. பொருள் கைக்கெட்ட வேண்டும். இலங்கையில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு சிகரெட்டும் சாராயமும் விற்கக் கூடாது என்று 2006லேயே சட்டம் வந்தது. அப்புறம் எப்படி எங்கள் பிள்ளைகள் கையில்? இதைக் கேட்காமல் பிள்ளையை மட்டும் திட்டுவது எனக்குப் பொறுக்காது.

அந்தப் பையனுக்கு நான் செய்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனில் அம்மாவோடு பேச வைத்ததுதான். மாவா உடனே நிற்கவில்லை, மாதக்கணக்கில் இழுத்தது.

உங்கள் தங்கச்சி மகன் வேறு மாதிரி. 'ஆபத்து' என்று பயம் காட்டினால் அவனுக்கு ஆசைதான் கூடும். பந்து விளையாட்டோ தப்பு மேளமோ, உடம்பு களைக்கிற ஒன்றில் அவனை இறக்கிவிடுங்கள். ஏதாவது வாங்கிப் போட்டுவிட்டான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், அடுத்த தடவை உங்களிடம் சொல்ல மாட்டான். கைமீறுவதாகத் தோன்றினால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். சரி, அவனுக்குத் தம்பியோ தங்கச்சியோ சத்தம் போடாமல் மூலையில் இருந்தால், அந்தப் பிள்ளையோடும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள்.