ஐம்பத்தெட்டை நெருங்கும் தொழிலாளர்களுக்கு: பி.எஃப். ஓய்வூதியம் பற்றிய கேள்வி பதில்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தொட்டிருந்தார்கள். 2031இல் அது பதினெட்டாகும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழுக் கணிப்பு. தொண்ணூறுகளில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வு வயதை எட்டுகிறார்கள். 1995 நவம்பர் 16இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த முதல் தலைமுறை இவர்கள் என்பதால், வந்த கேள்விகளில் இதைப் பற்றியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வேலையை விடும்போது ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுத்துவிடாதீர்கள் என்பதே நான் சொல்லிவருவது.

ஆம்பூர், ஷூ கம்பெனித் தொழிலாளி: ஐயா, எனக்கு வயது 57. மொத்தம் 15 ஆண்டு வேலை செய்திருக்கிறேன். முதல் கம்பெனியில் நான்கு ஆண்டு இருந்து, விலகியபோது பணம் எடுத்துவிட்டேன். 2014 அக்டோபர் முதல் இரண்டாவது கம்பெனியில் 11 ஆண்டு. சம்பளம் 10,000. பென்ஷன் எவ்வளவு வரும்?

நீங்கள் அப்போது எடுத்தது எந்தப் பணம் என்பதை முதலில் பாருங்கள். 19ஆம் படிவத்தில் சேமநிதியை (பி.எஃப். தொகையை) மட்டும் எடுத்திருந்தால் ஓய்வூதியக் கணக்கில் அந்த நான்கு ஆண்டுகள் இன்னும் உயிரோடு இருக்கலாம்; 10சி படிவத்தில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்திருந்தால் அவை போய்விட்டன. போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும்: 10,000 பெருக்கல் 11, வகுத்தல் 70 என்றால் மாதம் ஏறத்தாழ 1,571 ரூபாய். சம்பளம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பொதுவாக 15,000 வரைதான் கணக்கில் வரும். 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்கு அந்த வரம்பு 6,500 மட்டுமே என்பதால், பழைய பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

குடியாத்தம், பீடி சுற்றும் பெண்மணி: பி.எஃப். கணக்கில் என் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்தவில்லை. வீட்டிலிருந்து சுற்றுபவளுக்கு உரிமை உண்டா?

உண்டு, அம்மா. வீட்டில் சுற்றுபவரும் பி.எஃப். சட்டத்தின்படி தொழிலாளியே என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பெயர்த் திருத்தத்தை முதலாளியும் நீங்களும் சேர்ந்து தரும் கூட்டு விண்ணப்பத்தின் மூலம் இப்போதே செய்யுங்கள். கம்பெனியை மூடிய பின் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைந்தவர்கள் இந்த வட்டாரத்தில் பலர்.

வாணியம்பாடி: வயது 52. பத்து ஆண்டு முடிந்து வேலையை விட்டுவிட்டேன். இப்போதே பென்ஷன் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள், அந்தப் பிடிப்பு வாழ்நாள் முழுவதும் தொடரும். மாறாக, 58க்குப் பின் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். அடுப்பெரிய வேறு வழி இருந்தால் பொறுத்திருங்கள்.

வேலூர், சத்துவாச்சாரி: 1,571 ரூபாய்க்காகவா பணத்தை எடுக்காதே என்கிறீர்கள்? கையில் வந்தால் மகள் கல்யாணத்துக்காவது ஆகுமே.

அந்த ஆம்பூர்த் தொழிலாளியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் முழுக்க 10,000 என்றால் முதலாளி ஓய்வூதிய நிதிக்குக் கட்டுவது 8.33 சதவீதம், அதாவது மாதம் 833. பதினோரு ஆண்டில் சுமார் 1,10,000 ரூபாய். ஓய்வூதியமாக வாங்கினால் ஆறு ஆண்டு முடிவதற்குள் அந்தத் தொகை வந்துவிடுகிறது, பிறகும் சாகும்வரை வருகிறது, அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி வருகிறது. ஒரு மாதச் சந்தா மட்டுமே கட்டிய தொழிலாளி பணியிலிருக்கும்போது இறந்தாலும் மனைவிக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. கல்யாணத்தில் ஒரே நாளில் கரையும் தொகையோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை.

அவரே மீண்டும்: விலைவாசி ஏறுகிறதே, பென்ஷன் ஏறுமா?

ஏறாது. இது இந்தத் திட்டத்தின் பெரிய குறை. 2014இல் வைத்த 1,000 ரூபாய் குறைந்தபட்சம் ஒரு மனிதனின் மருந்துக்கே போதாது, அதை உயர்த்தக் கோரும் சங்கங்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் தொகை போதவில்லை என்று உரிமையையே விற்றுவிட்டால், நாளை உயர்த்தும்போது உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது.

ஆற்காடு, ஒரு வாசகி: பணத்தை எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வது சரி. என் கணவர் மூன்று ஆண்டுதான் வேலை பார்த்தார். அவர் போன பிறகு எனக்கு மாதாமாதம் வருவது அந்தப் பணம்தான்.

நன்றி அம்மா. சத்துவாச்சாரி நண்பர் இதைப் படிக்க வேண்டும்.

இராணிப்பேட்டை: 9 ஆண்டு 7 மாதம் ஆகிறது. எடுத்துவிடலாமா?

கூடாது. ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும். நீங்கள் பத்தாண்டு முடித்தவர், 58இல் உங்களுக்கு ஓய்வூதியம் உண்டு.

திருப்பத்தூர்: ஆறு ஆண்டில் வேலையை விட்டேன். 10சி போட்டுப் பணம் எடுக்கலாமா?

இதே கேள்விக்கு மேலே சத்துவாச்சாரி நண்பருக்கு விரிவாகவே பதில் எழுதிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள். அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதில், ஓய்வூதியப் பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அடுத்த வேலையில் அந்த ஆறு ஆண்டும் சேரும். எடுக்காதீர்கள்.

காட்பாடி: ஆயுள் சான்றிதழை நவம்பரில்தான் தர வேண்டுமா?

அது அரசு ஓய்வூதியர்களுக்கு. பி.எஃப். ஓய்வூதியர் எந்த மாதத்திலும் தரலாம்; கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். கைரேகை தேய்ந்தவர்கள் செல்பேசியில் முகப் பதிவு மூலமும் கொடுக்கலாம்.

அணைக்கட்டு, விவசாயக் கூலி: எனக்கு பி.எஃப். கிடையாது.

உங்களுக்கு உரியது மாநில அரசின் முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள்.