ஃபேக்டரி ஏன் மறுக்கிறது? எக்ஸ்ஏசிஎம்எல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே டேட்டா டைப்பைச் சுற்றித்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஒரு கோப்பை யார் திறக்கலாம், எப்போது திறக்கலாம் என்ற முடிவை நிரலுக்குள் இஃப்-எல்ஸ் போட்டுப் புதைக்காமல், வெளியே எக்ஸ்எம்எல் விதிகளாக எழுதிவைப்பதற்கு ஓயாசிஸ் அமைப்பு 2003இல் வெளியிட்ட தரம்தான் எக்ஸ்ஏசிஎம்எல். அதற்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவில் ஒரு நூலகம் எழுதி ஓப்பன் சோர்ஸாக விட்டது. விதியில் 'இது தேதி', 'இது முழு எண்' என்று எழுதியிருப்பதைப் படித்து, அதற்கேற்ற ஜாவா ஆப்ஜெக்டைச் செய்து தருவது அந்த நூலகத்தின் ஸ்டாண்டர்ட் ஆட்ரிபியூட் ஃபேக்டரி. ஆட்ரிபியூட் என்றால் கேட்பவர், கோப்பு, நேரம் போன்றவற்றைப் பற்றிய ஒரு விவரம்.

கேள்வி: எங்கள் ஊழியர் எண்ணுக்குத் தனி டேட்டா டைப் வேண்டும். ஃபேக்டரியை கெட்ஃபேக்டரி மூலம் எடுத்து ஆட்டேட்டாடைப் அழைத்தால் 'அன்சப்போர்ட்டட் ஆபரேஷன்' என்று எக்ஸெப்ஷன் வருகிறது. பக் தானே சார்?

பக் இல்லை, வேண்டுமென்றே போட்ட பூட்டு. கெட்ஃபேக்டரி தருவது ஒரு சிங்கிள்டன். அந்த ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் எல்லா நிரலும் அதே ஒன்றைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அதில் நீங்கள் ஒரு வகையைச் சேர்த்துவிட்டால், பக்கத்தில் ஓடும் இன்னொருவருடைய பிடிபிக்கும் (விதிகளைப் படித்து அனுமதி உண்டா என்று முடிவெடுக்கும் பகுதி) அது தெரியாமலேயே சேர்ந்துவிடும். 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயருக்கு அப்புறம் அர்த்தம் இருக்காது. தரத்தின் 1.0 பதிப்பில் இருந்த 14 வகைகள், 2.0இல் வந்த ஐபி முகவரியும் டிஎன்எஸ் பெயரும், ஆக 16. அதற்கு மேல் அந்தப் பட்டியலைத் தொட முடியாது.

உங்களுக்கு வேண்டியது கெட்நியூஃபேக்டரி. அதே 16 வகைகளோடு, ஆனால் கைவைக்க அனுமதிக்கும் புதிய ஃபேக்டரி ஒன்றை அது தரும். அதில் உங்கள் வகையின் அடையாளத்தையும் ஒரு ப்ராக்ஸியையும் சேர்க்கலாம். ப்ராக்ஸி என்றதும் மிரள வேண்டாம். எக்ஸ்எம்எல் நோடையோ ஸ்ட்ரிங்கையோ கொடுத்தால் உங்கள் ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும் இரண்டு மெத்தடுகள், அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கும் அடையாளத்தையே மறுபடி சேர்த்தால் அதையும் மறுக்கும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய ஃபேக்டரியை டீஃபால்ட்டாக அமைக்க வேண்டும். இல்லையென்றால் விதியைப் படிக்கும் பார்சர் பழையதையே தேடிப் போகும். அப்புறம், வகையை மட்டும் சேர்த்தால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. சமமா என்று பார்க்க ஒரு ஃபங்ஷன், பையிலிருந்து (ஓர் ஆட்ரிபியூட்டுக்குக் கிடைக்கும் மதிப்புகளின் தொகுப்பு) ஒன்றே ஒன்றை எடுக்க ஒரு ஃபங்ஷன், பைக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபங்ஷன் என்று ஃபங்ஷன் ஃபேக்டரியிலும் பதிய வேண்டும். உங்கள் கிளாஸில் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் இரண்டையும் சரியாக எழுதியிருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். ஊழியர் எண் என்பது இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும்தான் என்றால், ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொண்டு ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைச் சரிபார்க்கும் முறை) ஒப்பீட்டு ஃபங்ஷனை விதியில் போட்டால் போதும். ஒப்பிடும் முறையே வேறாக இருந்தால்தான் தனி வகை எடுப்பேன் நான்.

கேள்வி: அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கெட்நியூஃபேக்டரி அழைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சர்வர் எழும்போது ஒரு தடவை செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விதி சரி, கோரிக்கையும் சரி. ஆனால் எப்போது பார்த்தாலும் 'நாட் அப்ளிக்கபிள்' (எந்த விதியும் பொருந்தவில்லை) என்றே பதில் வருகிறது. மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

அனுப்பியிருந்த இரண்டு எக்ஸ்எம்எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோரிக்கையில் ரிசோர்ஸ்-ஐடியின் (திறக்கக் கேட்கும் பொருளின் அடையாளம்) டேட்டா டைப் எனியுஆர்ஐ, அதாவது முகவரி வகை. விதியின் டெசிக்னேட்டரில் (கோரிக்கையில் எந்த ஆட்ரிபியூட்டைத் தேட வேண்டும் என்று சொல்லும் இடம்) அதே ரிசோர்ஸ்-ஐடிக்கு டேட்டா டைப் ஸ்ட்ரிங். உள்ளே இருக்கும் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கின்றன. அதனால்தான் உங்கள் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் டெசிக்னேட்டர் ஆட்ரிபியூட்டைத் தேடும்போது பெயரோடு வகையையும் சேர்த்தே பார்க்கும். வகை பொருந்தாவிட்டால் பிழை எதுவும் சொல்லாமல் காலிப் பையை நீட்டும். டார்கெட்டில் (விதி யாருக்கு, எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதி) காலிப் பை என்றால் பொருத்தம் இல்லை. பொருத்தம் இல்லையென்றால் நாட் அப்ளிக்கபிள்.

இதே தப்பு கண்டிஷனுக்குள் (டார்கெட் பொருந்திய பிறகு பார்க்கும் நிபந்தனை) இருந்திருந்தால் உடனே சிக்கியிருக்கும். 'ஒன்றே ஒன்று' ஃபங்ஷன் காலிப் பையைக் கண்டதும் முறைக்கும், 'இன்டிடர்மினேட்' (முடிவெடுக்க முடியவில்லை) வந்துவிடும். டார்கெட்தான் ஊமை. சோதிக்கும் நாட்களில் டெசிக்னேட்டரில் மஸ்ட்-பி-பிரசண்ட் என்பதை ட்ரூ ஆக்கி வையுங்கள். காலிப் பைக்குப் பதில் 'ஆட்ரிபியூட் காணோம்' என்ற நிலைக் குறியீடு வரும். எந்த ஆட்ரிபியூட் என்பதும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை மட்டும் அனுமதி. 22:00-ஐ விடப் பெரியது, 06:00-ஐ விடச் சிறியது என்று எழுதினேன். யாருக்குமே கதவு திறக்கவில்லை.

எப்படித் திறக்கும்? ஒரே நேரத்தில் 22:00-ஐத் தாண்டியதாகவும் 06:00-க்கு முந்தியதாகவும் இருக்கும் மணி எந்தக் கடிகாரத்திலும் கிடையாது. 2.0இலிருந்து இதற்கென்றே டைம்-இன்-ரேஞ்ச் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மூன்றாவதாகத் தரும் நேரத்தை அது எப்போதும் இரண்டாவதற்குப் பின்னால், 24 மணி நேரத்துக்குள் வருவதாகவே எடுத்துக்கொள்ளும். நள்ளிரவைத் தாண்டுவது அதற்குப் பிரச்சினையே இல்லை.

டைம்சோனையும் பாருங்கள். டைம்சோன் எழுதிய நேரத்தையும் எழுதாத நேரத்தையும் 'பெரியது', 'சிறியது' ஃபங்ஷன்களால் ஒப்பிடவே கூடாது என்கிறது தரம். ஒரு மருத்துவமனை வேலையில் நானே இதில் அடிவாங்கினேன். என் மடிக்கணினியில் இந்திய நேரம், சர்வரில் யுடிசி (உலகப் பொது நேரம்). சோதனையில் எல்லாம் கச்சிதம். நேரலைக்குப் போன முதல் இரவு, 10 மணி ஷிஃப்ட்டுக்கு வந்த செவிலியர்களுக்கு மருந்து அறையின் திரை திறக்கவில்லை. சர்வர் கடிகாரத்தில் அப்போது மாலை 4:30. நள்ளிரவு தாண்டியும் திறக்காமல், என்னை எழுப்பி, விதியில் நேரத்துக்குப் பின்னால் +05:30 என்று ஆறு எழுத்தைச் சேர்த்த பிறகுதான் திறந்தது. அதிலிருந்து டைம்சோன் இல்லாத நேரத்தை எந்த விதியில் பார்த்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கேள்வி: ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலில் முதல் எழுத்து சிலசமயம் பெரிய எழுத்தாக வருகிறது. மின்னஞ்சல் முகவரிக்கான ஆர்எஃப்சி822நேம் வகையைப் போட்டால் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை அது பார்க்காதுதானே?

பாதி சரி. @ குறிக்குப் பின்னால் உள்ள டொமைனில் பார்க்காது. முன்னால் உள்ள பகுதியில் பார்க்கும். கோரிக்கையை அனுப்பும் இடத்திலேயே சிறிய எழுத்தாக்கி விடுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸில் பூலியன் 1, 0 என்று இருக்கிறது. எக்ஸ்எம்எல் ஸ்கீமா அதை ஒப்புக்கொள்கிறது. சன் நூலகம் ஏன் பார்சிங் பிழை என்கிறது?

ஸ்கீமா ஒப்புக்கொள்வது உண்மை. சன் எழுதிய பூலியன் கிளாஸ் ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதையும் ஏற்காது. இந்த இடத்தில் நூலகத்தின் மேல்தான் குறை சொல்வேன். அனுப்பும்போது மாற்றி அனுப்புவது சுலபம்.

கேள்வி: 2.0 விதிகளை 3.0க்கு மாற்றுகிறோம். கால அளவு வரும் விதிகள் மட்டும் 'தெரியாத வகை' என்று விழுகின்றன.

டேடைம்ட்யூரேஷன், இயர்மந்த்ட்யூரேஷன் இரண்டும் தானே? பழைய பதிப்புகளில் அவற்றின் அடையாளம் 2002 ஆகஸ்டில் வந்த எக்ஸ்குவெரி (எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழி) வரைவு ஒன்றின் முகவரியில் தொங்கிக்கொண்டிருந்தது. 2013இல் வந்த 3.0 அதைக் கழற்றி, தேதி, எண் எல்லாம் இருக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா முகவரிக்கே கொண்டுவந்தது. வகையின் பெயர் மாறவில்லை, முன்னொட்டுதான் மாறியது. ஃபேக்டரிக்கு அடையாளம் என்பது வெறும் சாவி. ஓர் எழுத்து தவறினாலும் அது வேறு வகைதான். விதிக் கோப்புகளில் தேடி மாற்றுங்கள், கூடவே கோரிக்கை அனுப்பும் நிரலிலும்.

கேள்வி: இன்று புதிதாக ஆரம்பித்தால் சன் நூலகத்தையே எடுக்கலாமா?

வேண்டாம். அது 3.0 வரை வரவில்லை. சன் நிறுவனமே 2010இல் ஆரக்கிளிடம் போய்விட்டது. அதைப் படித்துப் பழகியவர்களுக்கு இயல்பான அடுத்த வீடு 'பலன' என்ற நூலகம். கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அதை, சன் நிரலை அடித்தளமாக வைத்து 3.0க்கு எழுதியது, பழைய பதிப்பு விதிகளையும் படிக்கும். பெயர், கண்டிக்குப் போகும் மலைப்பாதையைக் காத்த பழைய கோட்டையுடையது. சிங்களத்தில் 'பலன' என்றால் 'பார்க்கிற'. கிளாஸ் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் ஸ்டாண்டர்ட் ஆட்ரிபியூட் ஃபேக்டரியை அங்கேயும் பார்ப்பீர்கள். பேக்கேஜ் பெயர் மட்டும் வேறு, இம்போர்ட் வரிகளை மாற்ற மறந்துவிடாதீர்கள்.