பழைய அளவு மைக்ரோஸ்கோப்புகள்: பட்டறைக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பகுதி) அளவுச் சோதனைப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு, தண்டையார்பேட்டையில் என் வீட்டு முன்னறையிலேயே டூல்மேக்கர் மைக்ரோஸ்கோப்புகளையும் (சிறு பாகங்களை மேசையில் வைத்துப் பெரிதாக்கி அளப்பவை) டிராவலிங் மைக்ரோஸ்கோப்புகளையும் (அளவுகோலின்மேல் நகர்த்தி நீளம் அளப்பவை) பழுதுபார்த்துக் கொடுக்கிறேன். அண்மையில் என்னிடம் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, காயலான் கடையில் ஜெர்மனியின் யேனாவில் செய்த டூல்மேக்கர் மைக்ரோஸ்கோப் ஒன்றை எடை போட்டு வாங்கினேன். மேசை அசையவே மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி அடித்துப் பார்க்கலாமா? (வியாசர்பாடியில் லேத் பட்டறை நடத்துபவர்)

அடிக்கவே கூடாது. பத்தில் எட்டு கருவிகளில் மேசை இறுகுவதற்குக் காரணம் துருவன்று, பல ஆண்டுகள் அசையாமல் கிடந்ததில் அரக்குபோல் கெட்டிப்பட்ட கிரீஸ்தான். முதலில் ஐபீஸையும் (கண்பக்க லென்ஸ்) ஆப்ஜெக்டிவையும் (பொருள்பக்க லென்ஸ்) கழற்றித் தனியே மூடி வையுங்கள். கரைப்பான் ஆவிகூட லென்ஸ்மேல் படக்கூடாது. அதன் பிறகு ஒயிட் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக, மேசை ஓடும் தண்டவாளத்தின் இடுக்கில் விட்டு, ஓர் இரவு முழுவதும் காத்திருந்து, மறுநாள் கைவிரலின் பலத்தால் மட்டும் தள்ளிப் பாருங்கள். மண்ணெண்ணெய் பின்னால் எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுச் செல்லும் என்பதால் அதை நான் தொடுவதில்லை.

மேசையைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், எக்ஸ் திசைத் தண்டவாளத்தின் குண்டுகளையும் (மேசை உருண்டோட உதவும் பேரிங் உருண்டைகள்) ஒய் திசைத் தண்டவாளத்தின் குண்டுகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தின்மேல் எழுதி ஒட்டுங்கள். ஒரு தண்டவாளத்தின் குண்டுகள் தங்களுக்குள் ஒரே அளவாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டு, அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு குண்டில் குழி விழுந்திருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும்தான் மாற்ற வேண்டும். பெயிண்ட் பூசி முத்திரையிட்ட திருகுகள் தொழிற்சாலையில் நேர்ப்படுத்தப்பட்டவை. அவற்றின் பக்கமே போகாதீர்கள். திரும்பப் பூட்டும்போது குண்டுத் தண்டவாளத்துக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். கெட்டிக் கிரீஸ் ஃபோகஸ் செய்யும் பற்சக்கரத்துக்கு மட்டுமே உரியது.

எங்கள் ஆய்வகத்து டிராவலிங் மைக்ரோஸ்கோப்பின் லென்ஸுக்குள் வெள்ளையாக வேர்போல ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை. (காசிமேட்டுக்கு அருகில் பணிபுரியும் இயற்பியல் ஆசிரியை)

நீங்கள் விவரிப்பது பூஞ்சைதான், அம்மா. வேர்போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. விளிம்பிலிருந்து உள்நோக்கி வானவில் நிறத்திலோ பால்போலவோ பரவியிருந்தால், இரண்டு லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனது என்று பொருள். முதலாவதற்கு வைத்தியம் உண்டு. லென்ஸ் தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, மையத்திலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு இழுப்புக்கும் புதுத் தாளாகத் துடையுங்கள். பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால் தடம் மிஞ்சும். தடம் சிறிதாயிருந்தால் காட்சி சற்று மங்கலாகுமே ஒழிய அளவு மாறாது. பசை விட்டுப்போனதை நீங்களே பிரிக்க முயல வேண்டாம். பழைய லென்ஸ்களில் கனடா பால்சம் என்னும் மரப்பிசின் இருக்கும். சூடு காட்டினால் அது இளகும்தான், ஆனால் இரண்டு கண்ணாடிகளின் மையத்தையும் மறுபடி ஒன்றாக்குவது வீட்டில் நடக்கிற காரியமல்ல.

கடலோரத்தில் உள்ள நமக்கு உண்மையான பகை, ஐப்பசி, கார்த்திகையின் ஈரம். கருவியோடு வந்த மரப்பெட்டி பார்க்க அழகுதான், ஆனால் அதன் உள்ளே ஒட்டிய கம்பளித்துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் சூடேறுகிற பழைய ஜீரோ வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு, மேல்தட்டில் கருவியை வையுங்கள். சிலிக்கா ஜெல் வைப்பதாயிருந்தால், நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் ஏறத்தாழ 120 டிகிரியில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

வெர்னியர் அளவுகோல் கறுத்துவிட்டது. பிராஸோ போடலாமா?

கூடாது. கோடுகள் மிக மெல்லியவை. பாலிஷில் உள்ள தூள் அவற்றின் விளிம்பைத் தேய்த்துவிடும். சோப்பு நீரில் நனைத்த மென்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐபீஸின் கிராஸ் வயர் (குறி பார்க்கும் குறுக்கு இழை) அறுந்துவிட்டது. தலைமுடி கட்டலாமா, சார்? (கொருக்குப்பேட்டை மாணவர்)

தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தம்பி. ஐபீஸ் வழியே பார்த்தால் தாம்புக் கயிறுபோலத் தெரியும். அந்தக் காலத்துக் கருவி செய்வோர் சிலந்தி நூலைத்தான் கட்டினார்கள். இன்றும் அது நன்றாகவே வேலை செய்யும். சட்டத்தில் நூல் உட்காருவதற்கென்று கீறிய கோடு இருக்கும். நூலை இழுத்துப் பிடித்து அந்தக் கோட்டில் படியவைத்து, நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் நின்றுவிடும்.

டிரம்மில் (திருகின் தலையில் உள்ள அளவு உருளை) ஒரு கோடு 0.01 மி.மீ. என்கிறார்கள். ஐம்பது வருடத்துக் கருவி அதைச் சரியாகக் காட்டுகிறது என்று எதை வைத்து நம்புவது? (திருவொற்றியூர், உலோக அச்சு (டை) தயாரிப்பவர்)

மற்றவர்கள் இதைக் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். கோடு 0.01 என்பதால் அளவும் அந்த அளவுக்குச் சரி என்று ஆகிவிடாது.

முதலில் உங்கள் கண்ணைச் சரிபாருங்கள். பொருளைப் பார்க்கும் முன் ஐபீஸைத் திருகிக் கிராஸ் வயரைத் தெளிவாக்க வேண்டும். அதன் பிறகே பொருளுக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும். தலையைச் சற்றே இடவலமாக ஆட்டும்போது கோடு பொருள்மேல் நகர்ந்தால் ஃபோகஸ் சரியில்லை. அடுத்தது பேக்லாஷ். திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்ச்சி அளவில் ஏறாமல் இருக்க, எப்போதும் ஒரே திசையிலிருந்துதான் கோட்டை அணுக வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மறுபடி வர வேண்டும்.

இனித் திருகு. பலர் ஸ்லிப் கேஜை (துல்லியமான தடிமன் உள்ள சிறு கட்டை) மேசையில் வைத்து அதன் இரு விளிம்புகளையும் பார்த்துச் சோதிக்கிறார்கள். அது தவறு, ஏனெனில் கேஜின் விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்கும். அதன் துல்லியம் முகங்களுக்கு இடையில் இருக்கிறதே தவிர, நீங்கள் பார்க்கும் நிழலில் இல்லை. மைக்ரோமீட்டர் முனைக்கும் மேசைக்கும் நடுவே கேஜை வைத்து நகர்வைக் கூட்டுவதற்கு அது உகந்தது. சோதனைக்குக் கண்ணாடி அளவுகோல்தான் வேண்டும். 25 மி.மீ. நீளத்தையும் ஒவ்வொரு மில்லிமீட்டராகப் படித்து, வித்தியாசத்தை எழுதுங்கள். திருகின் நடுப்பகுதிதான் அதிகம் உழைத்திருக்கும் என்பதால் தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். பிறகு 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் 0.2 மி.மீ. இடைவெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டிரம்மின் 0, 10, 20, 30, 40 ஆகிய கோடுகளிலிருந்து தொடங்கி ஐந்து முறை அளந்து பாருங்கள். விடை ஏறி இறங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற பிழை அந்தத் திருகில் இருக்கிறது என்று அறியலாம்.

பொருள் திருகின் அச்சுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்று 1890-இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே சொன்னது இதனால்தான். 50 மி.மீ. உயரத்தில் வைத்த பொருளுக்கு, மேசை நகரும்போது 10 விகலை (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) சாய்ந்தாலே ஏறத்தாழ 2.4 மைக்ரான் பிழை வந்துவிடும்.

கிடைத்த பிழைகளை எல்லாம் ஓர் அட்டையில் எழுதிக் கருவியிலேயே தொங்கவிடுங்கள். 8 மைக்ரான் பிழை உள்ள திருகைக் கண்டு நான் பயப்படுவதில்லை; அட்டை இல்லாத திருகைக் கண்டுதான் பயப்படுகிறேன். வாடிக்கையாளர் சான்று கேட்டால், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்துக்கே கண்ணாடி அளவுகோலை அனுப்ப வேண்டும்.

எம் 10 மரையின் (10 மி.மீ. போல்ட்டின் திருகுமரை) ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் புகைபோலவும் தெரிகிறது. (பெரம்பூர்)

மைக்ரோஸ்கோப்பைத் தாங்கும் தூணைச் சாய்க்க மறந்திருக்கிறீர்கள். மரை சாய்ந்து ஓடுவதால் ஒளியும் அந்தச் சாய்விலேயே போகவேண்டும். பிட்சை (அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளி), பிட்ச் விட்டத்தின் (மரையின் நடு ஆழத்தில் உள்ள விட்டம்) சுற்றளவால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். எம் 10-க்குப் பிட்ச் 1.5, பிட்ச் விட்டம் 9.026, கோணம் ஏறத்தாழ 3 டிகிரி. ஒரு பக்கத்தைப் படித்த பிறகு மறுபக்கத்துக்கு எதிர்த்திசையில் சாய்க்க வேண்டும். பிட்சை இடப்பக்கச் சரிவிலும் வலப்பக்கச் சரிவிலும் தனித்தனியே அளந்து சராசரி எடுங்கள். போல்ட் சற்றுக் கோணலாக மாட்டப்பட்டிருந்தாலும் அந்தப் பிழை அடிபட்டுப் போகும். கீழே உள்ள ஒளித்துளையை வேண்டுமட்டும் திறந்து வைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உருளைப் பொருளுக்கு அதைப் பொருளின் விட்டத்துக்கு ஏற்பச் சுருக்காவிட்டால் நிழலின் விளிம்பே இடம் மாறிவிடும்.

பல்பு கிடைக்கவில்லை. எல்இடி போட்டால் அளவு கெடுமா?

எல்இடி சில்லு, பழைய பல்பின் இழை இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தால் கெடாது. பச்சை வடிகட்டியைக் கழற்றிவிடாதீர்கள். விளிம்பு கூர்மையாகத் தெரிய அது உதவும். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் கம்பியையும் அப்படியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி இல்லாத பட்டறை. மே மாதத்தில் அளப்பதற்கு அர்த்தம் உண்டா? (எருக்கஞ்சேரி)

உண்டு, கணக்குப் போட்டால். அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. பட்டறையில் 35 டிகிரி இருந்தால் 100 மி.மீ. இரும்புத் துண்டு ஏறத்தாழ 17 மைக்ரான் நீண்டிருக்கும். அலுமினியம் ஏறத்தாழ 35 மைக்ரான். இரும்புத் திருகு உள்ள கருவியில் இரும்புத் துண்டை அளந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும் என்பதால் பெரும்பகுதி கழிந்துவிடும். அலுமினியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வித்தியாசமான 18 மைக்ரானை நீங்கள்தான் கழிக்க வேண்டும். மெஷினிலிருந்து சூடாக எடுத்த துண்டை உடனே மேசையில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இரவே கருவியின் பக்கத்தில் வைத்துவிட்டு, விடியற்காலையில் மின்விசிறியைப் போடாமல் அளந்து பாருங்கள்.

அப்பா வைத்திருந்த மைக்ரோஸ்கோப்பை விற்கலாம் என்று இருக்கிறோம். சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் நல்ல விலை வருமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பெயிண்ட் அடிக்காதீர்கள், அம்மா. வாங்குபவர் முதலில் தேடுவது கருவியில் உள்ள வரிசை எண்ணையும், அதனோடு வந்த ஆப்ஜெக்டிவ்களையும், கோண ஐபீஸையும்தான். பெட்டியின் மூடிக்கு உட்புறம் தொழிற்சாலையின் சோதனைத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அப்பா கைப்பட எழுதிய பிழை அட்டை ஏதேனும் இழுப்பறையில் கிடந்தால், அதையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு நான் தனியாகவே விலை கொடுப்பேன்.