சிவப்பு ரோபோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். 2001இல் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தேன். இப்போது சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். ஊரில் இருக்கும் தங்கை சொல்லித்தான் உங்கள் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இங்கே யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

மகனுக்கு இருபது வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. முதல் வருடம் இரண்டு பாடம் போனது. இந்த ஜூனில் மூன்று. எங்களிடம் மூச்சு விடவில்லை. போன வாரம் ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிந்தது. ரோபோ சிவப்பு, அடுத்த வருடம் சேர்க்க முடியாது, அப்பீல் செய்வதென்றால் ஜனவரி 12க்குள் என்று ஈமெயில். அவன் அறையை விட்டு வருவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. அவன் அப்பா டீன் ஆபீசுக்குப் போன் பண்ணினார். மாணவரைப் பற்றி உங்களிடம் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தையும் அவனிடம்தான் காட்டினார். என் நாத்தனார், அசைன்மென்ட் எல்லாம் எழுதிக் கொடுக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான், ‘ஸ்டூடண்ட் சப்போர்ட்’ என்று போர்டே வைத்திருக்கிறான், அவனைப் பிடி என்கிறாள். அவள் மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். அங்கே ஃபெயிலானபோது மாணவர் சங்கமே ஒரு ஆலோசகரைக் கூட உட்காரவைத்ததாம். இங்கே அப்படி யாராவது உண்டா? பல்கலைக்கழகத்திலும் ஆலோசகர் இருக்கிறார். ஆனால் அவரும் அவர்கள் ஆள்தானே, அவரிடம் போய் எதைச் சொல்ல?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரி,

அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் போனதை முதலில் பார்க்க வேண்டும். இன்று ராத்திரி அவன் அறைக்குப் போய் ரிசல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சாடாக் என்று இங்கே எல்லோரும் சொல்கிற அமைப்பு 1994 முதல் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் போனில் இலவசமாக உதவுகிறது. அவன் பேசத் தயங்கினால் நீங்கள் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் ‘ஆமாம்’ என்று சொன்னால் போனோடு நிற்க வேண்டாம். அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இனி ரோபோ. ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி: இந்த நாட்டில் போக்குவரத்து விளக்கை ரோபோ என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் “அடுத்த ரோபோவில் இடது பக்கம் திரும்பு” என்று ஒருவர் வழி சொன்னபோது நான் விழித்த விழி இன்னும் நினைவிருக்கிறது. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் மாணவரின் படிப்பு நிலையைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று குறிக்கிற முறைக்கும் அதே பெயர்தான். சிவப்பு என்றால் வண்டியைப் பறித்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. நிறுத்தியிருக்கிறார்கள், ஏன் போக விட வேண்டும் என்று சொல்லச் சொல்கிறார்கள். உங்களுக்கு வந்த ஈமெயிலில் அப்பீல் தேதி இருப்பதே அதற்காகத்தான்.

நானும் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். சில வருடங்கள் அப்பீல் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

“அவரும் அவர்கள் ஆள்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. பல்கலைக்கழகத்தில் ஆலோசகர் என்ற பெயரில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஃபேக்கல்டியின் படிப்பு ஆலோசகர். எந்தப் பாடத்தை எப்போது திரும்ப எடுப்பது, எதை விட்டால் எது அடைபடும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அவர் எழுதி வைக்கிற குறிப்பு ஃபைலுக்குப் போகும், அந்த ஃபைல் குழுவுக்கு வரும். இன்னொருவர் மனநல ஆலோசகர். அவருக்குத் தொழில்முறை ரகசியக் கட்டுப்பாடு உண்டு. உயிருக்கு ஆபத்து என்பது மாதிரி விஷயம் இல்லாவிட்டால், உங்கள் மகன் சொன்னதை அவன் சம்மதமில்லாமல் டீனிடம் சொல்ல மாட்டார். இந்த இருவரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போகாமல் இருந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய.

மான்செஸ்டர் கதை உண்மைதான். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கத்துக்கென்று ஆலோசனை நிலையம் இருக்கிறது. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆலோசகர் விதிப்புத்தகத்தைப் படித்துச் சொல்வார், அப்பீல் கடிதத்தைத் திருத்தித் தருவார், விசாரணைக்குக் கூட வருவார். தீர்ப்புச் சொல்கிற நிர்வாகத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்குள் எல்லாம் முடிந்த பிறகும் குறை இருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைக் கேட்க வெளியே தனி அலுவலகம் ஒன்று உண்டு. 2004இல் வந்த சட்டத்தில் அதற்கு இடம் செய்தார்கள். மாணவருக்குச் செலவில்லை.

இங்கே அந்த வேலை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

முதல் துண்டு எஸ்.ஆர்.சி. மாணவர் பிரதிநிதிகள் அவை. முகம் சுளிக்காதீர்கள்! நம் வீடுகளில் எஸ்.ஆர்.சி. என்றாலே பாட்டுப் பாடி கேட்டை மறிக்கிறவர்கள் என்று ஒரு ஏளனம் உண்டு. அதில் நம் ஜனங்களின் நிற புத்தியும் கொஞ்சம் கலந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பொதுப் பல்கலைக்கழகத்திலும் எஸ்.ஆர்.சி. இருக்க வேண்டும். 2015இல் நாடு முழுக்கக் கட்டண எதிர்ப்புப் போராட்டம் நடந்து, 2016க்குக் கட்டண உயர்வே இல்லை என்று அரசாங்கம் அறிவித்தபோது, மறித்தவர்களைத் திட்டிய வீடுகளும் அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் குழுவுக்கு வந்த நல்ல அப்பீல்களில் பல, எஸ்.ஆர்.சி. அறையில் யாரோ ஒரு மூத்த மாணவி உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவை. குறையும் உண்டு. அவர்களும் பிள்ளைகள்தான், தேர்தல் வந்தால் காணாமல் போவார்கள், டிசம்பரில் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் இன்றைக்கே செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆம்பட், அதாவது குறைகேட்பாளர். கேப் டவுன் உட்பட சில பல்கலைக்கழகங்களில் இந்தப் பதவி இருக்கிறது. அவர் சுதந்திரமானவர், ஆனால் உங்கள் ஆள் அல்ல. யார் பக்கமும் சாய மாட்டார், நடைமுறை ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பார். எஸ்.ஆர்.சி. உங்கள் பக்கம், ஆனால் அதற்கும் அதன் அரசியல் உண்டு. நீங்களும் உங்கள் கணவரும் முழுக்க அவன் பக்கம், சுதந்திரம்தான் கொஞ்சமும் கிடையாது. கோபம், பயம், கட்டிய பணம், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் உங்கள் மடியில் இருக்கிறது.

டீன் ஆபீசில் பேச மறுத்தது உங்களை அவமானப்படுத்த அல்ல. இந்த நாட்டில் பதினெட்டு வயதானால் மேஜர். அவன் எழுதிக் கொடுக்காமல் அவன் மார்க்கைப் பெற்றோரிடம் சொல்ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவும் சொல்லுங்கள்.

ஒரு தடவை எங்கள் குழு முன் ஒரு பையன் அப்பாவோடு வந்தான். அங்கே நேரில் கூப்பிட்டுக் கேட்கிற வழக்கம் இருந்தது. கடிதத்தை மட்டும் பார்க்கிற இடங்களும் உண்டு. பத்து நிமிஷமும் அப்பாவே பேசினார். தாத்தா கரும்புத் தோட்டத்தில் பட்ட பாடு, தான் ஓவர்டைம் செய்து கட்டிய பணம், எல்லாமே உண்மை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ என்னப்பா சொல்கிறாய்?” என்று கேட்டோம். அதற்கும் அப்பாதான் பதில் சொன்னார். சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதே வாரம் ஒரு பெண் வந்தாள், கோவிலில் அறிமுகமான ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரோடு. அந்த அம்மா வாயே திறக்கவில்லை. முன்னதாகவே அவளை இரண்டு நாள் உட்காரவைத்து, எந்த மாதம் என்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுத வைத்திருக்கிறார். மார்ச்சில் அம்மாவுக்கு ஆபரேஷன், ஏப்ரலில் இரண்டு டெஸ்ட் போகவில்லை, அதனால் பரீட்சை எழுதத் தகுதியான டி.பி. கிடைக்காமல் பரீட்சையே எழுத முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அவள் மார்க் அந்தப் பையனுடையதைவிட மோசம். சேர்த்துக்கொண்டோம்.

நீங்கள் தேட வேண்டியது அந்த நர்ஸ் மாதிரி ஒருவரை. பட்டம் வேண்டியதில்லை. உங்கள் மகன் தோற்றாலும் ஜெயித்தாலும் தனக்கு ஒன்றும் போகாதவராக, அவன் முழுக்கதையையும் கேட்டாலும் அதிராதவராக இருக்க வேண்டும். உங்களிடம் வந்து ஒப்பிக்கவும் கூடாது.

குழு பார்ப்பது சிலவற்றைத்தான். என்ன நடந்தது, அதற்கு அன்றைய தேதியிட்ட சான்று உண்டா. மே மாத வயிற்றுவலிக்கு டிசம்பரில் வாங்கிய டாக்டர் சீட்டை எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நிலைமை இப்போது மாறியிருக்கிறதா. அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறான். கடைசிக் கேள்விக்கு “இனி கடுமையாக உழைப்பேன்” என்று எழுதாத கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. அதை யாரும் படிப்பதுமில்லை. கணக்குப் போட்டுக் காட்டினால் படிப்பார்கள். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. பதினாறு கிரெடிட் மாட்யூல் என்றால் 160 மணி. நான்கு பாடத்தோடு பழைய பாடம் ஒன்றையும் சேர்த்து ஐந்து எடுத்தால் 800 மணி. ஒரு செமஸ்டர், பரீட்சையையும் சேர்த்துப் பதினேழு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 47 மணி. இதற்கு மேல் அவன் எங்காவது வேலைக்கும் போகிறானா? உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் கேளுங்கள். அரசாங்க உதவியான என்ஸ்ஃபாஸுக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் தாண்டிவிட்டு, சொந்தமாகக் கட்டவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்ட வீடுகள் நம்மில் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் சொல்லாமலே சனி ஞாயிறு கடையில் நிற்பார்கள். அப்படியிருந்தால் அதுதான் காரணம், அதை எழுத வேண்டும். பாடத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கிறேன் என்று ஒரு பையன் தானாகக் கேட்டால் குழு நிமிர்ந்து உட்காரும்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேட்கலாம். நிர்வாக நீதிச் சட்டம் என்று 2000ஆம் ஆண்டில் வந்த ஒன்று இருக்கிறது. பொது நிறுவனம் ஒன்று உங்களைப் பாதிக்கிற முடிவை எடுத்தால், தெரிந்த 90 நாளுக்குள் காரணம் கேட்கிற உரிமை உண்டு. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கெடு இதைவிடக் குறைவாக இருக்கும், ஜனவரி 12ஐ எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை, அது பணத்தைத் தின்கிற இடம். ஆனால் காரணம் கேட்டு வருகிற கடிதத்தை எந்த ஆபீசும் இரண்டாவது தடவை படிக்கும்.

நாத்தனார் சொன்ன ஆள் விஷயம். வேண்டவே வேண்டாம். இப்போது ஃபெயில்தான். அவனிடம் எழுதி வாங்கிப் பிடிபட்டால் ஒழுங்கு விசாரணை, ஏமாற்று என்று ரிக்கார்டில் ஏறும், அதற்கு எந்த நர்ஸும் உதவ முடியாது. பிடிபடாவிட்டாலும் உங்கள் மகன் பெயரும் நம்பரும் அவன் போனில் இருக்கும். மேலும் பணம் கொடு, இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்குச் சொல்வேன் என்று மிரட்டல் வந்து, எங்கள் முன் அழுத ஒரு மாணவியைப் பார்த்திருக்கிறேன். சப்போர்ட் என்று போர்டு வைத்தவர்களெல்லாம் சப்போர்ட் இல்லை.

இங்கே சாலிஸ்பரித் தீவில் 1961இல் இந்தியர்களுக்கென்று கல்லூரி திறந்தபோது படித்த ஒருவர், துறைமுகத்தைத் தாண்டப் படகில் போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தனக்கு உருப்படியான அறிவுரை எல்லாம் கிடைத்தது என்று என்னிடம் சொன்னார். எந்த வாத்தியார் எதைக் கேட்பார், ஃபெயிலானால் யாரைப் பார்ப்பது, வீட்டில் எப்படிச் சொல்வது. படகில் வாத்தியாரும் கிடையாது, அப்பாவும் கிடையாது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணவர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. நாத்தனார் சொன்னது, டீன் ஆபீஸ் சொன்னது, ஈமெயில் சொன்னது எல்லாம் இருக்கிறது. மகன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, பயத்தில் அப்படித்தான் ஆகும்.

அவனுக்கு விருப்பமிருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுத வேண்டாம், அவனுக்கு எந்த மொழி வருகிறதோ அதில். நானும் ஒரு காலத்தில் அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்பதைச் சொல்லிவிடுங்கள், பிறகு அவன் முடிவு செய்யட்டும். ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் அனுப்பினால் படித்துத் திருத்தித் தர எனக்கு நேரம் இருக்கும். அவன் எழுதியதில் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டேன். அதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.