வாஷிங்டன் எந்த ஊர்க்காரர்?

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்தில் யார் மகன் என்பது தெரிய 1889 வரை ஆனது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஜனாதிபதியின் குடும்பம். அங்கே தேவாலயப் பதிவேடுகளும் உண்டு. அவரையே கேட்டிருக்கலாமே?

எம்., ஓசூர்

அன்புள்ள எம்.,

கேட்டார்கள். லண்டனில் குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிந்துவந்த அலுவலகத்தின் தலைவர் ஐசக் ஹெர்ட் 1791இல் கடிதம் எழுதினார். இதிலெல்லாம் நான் அவ்வளவாகக் கவனம் செலுத்தியதில்லை என்று 1792இல் பதில் போட்டார் வாஷிங்டன். கொள்ளுத்தாத்தா ஜானும் அவர் சகோதரர் லாரன்ஸும் 1657 வாக்கில் வர்ஜீனியாவுக்கு வந்தார்கள், வட இங்கிலாந்துப் பக்கம் என்று கேள்வி. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஹெர்ட் பழைய ஏடுகளைப் புரட்டியதில் மத்திய இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் வாஷிங்டன்களில் ஒரு ஜானும் ஒரு லாரன்ஸும் அண்ணன் தம்பியாகக் கிடைத்தார்கள். இவர்கள்தான் என்று முடிச்சுப் போட்டார். புத்தகங்களிலும் அதுவே வெகுகாலம் ஓடியது. 1866இல் லண்டன்வாழ் அமெரிக்கர் ஜோசப் செஸ்டர் அதை உடைத்தார். அந்த ஜான் 'சர்' பட்டம் வாங்கியவர். வர்ஜீனியா ஜானை யாரும் அப்படி அழைக்கவில்லை. பட்டம் வாங்கியவர் காலனியில் அதைச் சொல்லாமல் இருப்பாரா? அந்த லாரன்ஸோ பாதிரியார், வர்ஜீனியா லாரன்ஸ் அப்படியில்லை.

நீங்கள் சொல்லும் பதிவேடு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் சொல்லும். கப்பலேறிப் போனவரைப் பற்றிப் பேசாது. தலைமுறைக்குத் தலைமுறை ஜான், லாரன்ஸ் என்றே பெயர் வைக்கும் வீட்டில் எந்த ஜான் என்று எப்படிப் பிடிப்பது?

அந்த 1889 விடையைக் கண்ட ஹென்றி வாட்டர்ஸ் (சேலத்துக்காரர், மாசசூசெட்ஸ் சேலம்) உயில்களைப் பிடித்தார். இங்கிலாந்தில் ட்ரிங் என்ற ஊரில் ஆண்ட்ரூ நோலிங் என்பவர் லாரன்ஸ் வாஷிங்டன் என்ற ஞானமகனுக்குச் சொத்து எழுதியிருந்தார். அந்த உயிலில் ஜானும் உண்டு, மார்த்தாவும் உண்டு. வர்ஜீனியா ஜானின் உயிலிலும் மார்த்தா என்ற சகோதரி வருகிறார்! பிள்ளைகளின் அம்மா ஆம்ஃபிலிஸ் இறந்தபின், 1656இல், அவர் சொத்தை நிர்வகிக்கும் உரிமை ஜானுக்குக் கிடைத்தது. அப்புறம்தான் கப்பல்.

அப்பா யார் தெரியுமா? செஸ்டர் கழித்துவிட்ட அதே பாதிரியார் லாரன்ஸ். மதுக்கடையே கதி என்று குற்றம் சாட்டி 1643இல் பர்லீ தேவாலயத்திலிருந்து பியூரிட்டன்கள் (கட்டுப்பாடு மிகுந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) வெளியேற்றியவர். ஹெர்ட் குடும்பத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், தலைமுறைதான் ஒன்று தப்பிவிட்டது.

அந்த 'வட இங்கிலாந்து' பேச்சையும் முழுக்கத் தள்ள முடியாது. ஜானின் முன்னோர் பல தலைமுறைக்கு முன்பு நார்தாம்ப்டன்ஷயருக்கு வந்தது வட இங்கிலாந்தில் லங்காஷயரின் வார்ட்டனிலிருந்து.