படிக்கட்டில் இறங்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அக்கா,

நான் சுன்னாகத்தில் இருக்கிறேன், வங்கியில் வேலை. இணையவழியில் படித்து அறிதுயில் (ஹிப்னாடிசம்) சிகிச்சையில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். வங்கி வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு அறை எடுத்து முழுநேரமாக இதைச் செய்யலாமா? இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? வீட்டில் "வசியம் செய்யப் போறியோ" என்று கேட்கிறார்கள். சிகரெட்டை விடுவதற்கும் முற்பிறவி பார்ப்பதற்கும் நிறையப் பேர் வருவார்கள் என்று என்னோடு படித்தவர் சொல்கிறார். வருபவரைக் கண்ணை மூடவைத்துச் சொல்வதற்கென்று படிப்பில் தந்த ஆங்கில ஸ்கிரிப்ட்களை நாற்பது பக்கத்துக்குத் தமிழாக்கி வைத்திருக்கிறேன். கடற்கரை, படிக்கட்டு, பாதுகாப்பான இடம் எல்லாம் இருக்கிறது. நேரம் கிடைத்தால் திருத்தித் தருவீர்களா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வசியம் என்று கேட்கும் வீட்டாருக்கு அறிதுயில் என்ற பெயரையே விளக்கிச் சொல்லுங்கள். அறிந்துகொண்டே துயில்வது. கண்ணை மூடியிருப்பவருக்கு நாம் சொல்வதெல்லாம் கேட்கும், பிடிக்காவிட்டால் எழும்பிப் போகலாம். சிகரெட் விஷயத்தில் உறுதி கொடுக்காதீர்கள், ஆதாரம் அந்தளவுக்கு இல்லை. முற்பிறவி வேண்டவே வேண்டாம். அந்த நிலையில் வரும் காட்சி நினைவைப் போலவே இருக்கும், நடந்ததாக இருக்கவேண்டியதில்லை. அதைக் காட்டிக் காசு வாங்குவது பாவம்.

ஆனால் அந்த நாற்பது பக்கம்! அதைத் திருத்தித் தரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அதே பக்கங்களை நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன்.

2012இல், தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு அம்மா என்னிடம் வந்தார். வன்னியில் போரின் கடைசிவரை இருந்துவிட்டு வந்து தங்கையோடு தங்கியிருந்தவர். நித்திரை இல்லை. மனநல வைத்தியரின் மருந்தையும் எடுத்துக்கொண்டு, அவர் சொல்லித்தான் வந்திருந்தார். நான் பாடமாக்கி வைத்திருந்ததை ஆரம்பித்தேன். உங்களுக்கு முன்னால் பத்துப் படிகள், ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். நாலாவது படியில் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்தன. ஆறாவது படியில் இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. நான் என்ன செய்தேன் தெரியுமா? நிலை ஆழமாகிறது என்று நினைத்து ஏழாவது படியைச் சொன்னேன். "குனியுங்கோ பிள்ளையள், குனியுங்கோ" என்றார் அவர்.

எங்கள் ஊரில் கீழே இறங்கும் படி எங்கே கொண்டுபோய் விடும்? பங்கருக்குள். நானும் செல்லடிக்குள் வளர்ந்தவள்தான். மண்மூட்டை அடுக்கிய அந்தப் படிகளில் நானும் இறங்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் எவருடையதோ ஒரு தாள் சொன்னதைக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்திருக்கிறேன். கண்ணைத் திறக்கவைத்து, பாதத்தை நிலத்தில் அழுத்தச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள், பிள்ளை. கடற்கரையில் அலை கேட்கிறதா? 2004 மார்கழியில் அலை கொண்டுபோனவர்களின் வீட்டாருக்கு அதைச் சொல்வீர்களா? முள்ளிவாய்க்கால் கடற்கரையில் 2009இல் கிடந்தவர்களுக்கு? 'பாதுகாப்பான இடம்' என்று எழுதும்போது கை கூசவில்லையா? பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குப் போய்த்தானே சனம் செல் விழுந்து செத்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்த வீட்டை ஆண்டுக்கணக்காக இராணுவம் பார்க்கவிடாமல் வைத்திருந்ததற்குப் பெயர் உயர் பாதுகாப்பு வலயம். இங்கிலீஷில் அது ஆறுதலான சொல்லாக இருக்கலாம். நம்மவர் காதில் முட்கம்பியாக விழுகிறது.

1847இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவரைக் கும்பிடலாம். எலும்பு எல்லா நாட்டாருக்கும் ஒன்றுதான், பெயரை மாற்றினால் போதும். ஒருவர் மனம் அமரும் இடம் அப்படியல்ல, அதை அவரிடமேதான் கேட்டு வாங்கவேண்டும். இங்கே பல்லாண்டு மனநல வைத்தியராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனதை அமைதிப்படுத்தும் பயிற்சிக்குச் சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் வாயில் ஏற்கெனவே இருப்பதையே எடுத்துக்கொண்டார்.

எல்லாப் பரிசோதனையும் சரி, வயிறு மட்டும் சரியில்லை என்று வருபவர்கள் உங்களிடமும் வருவார்கள். அறிதுயில் நன்றாக உதவும் இடம் அது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் 30 நோயாளரிடம் செய்த ஆய்வு 1984இல் லான்செட்டில் வந்தது. வயிற்றில் கையை வைத்து அதன் சூட்டை உணரச் சொல்வார்கள், குடலைச் சீராக ஓடும் ஆறாக நினைக்கச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடுவது. என்னிடம் வந்த ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் உங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வாய்க்கால் அடைச்சுக் கிடக்கிற மாதிரி" என்றார். அவ்வளவுதான், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கிணற்றில் இருந்து தண்ணீர் வருகிறது, ஒரு பாத்தி நிரம்புகிறது, மண்வெட்டியால் வாயை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்புகிறார். அவசரமில்லை, மண் குடிக்கட்டும். நான் பாதி சொன்னேன், மீதியை அவரே சொன்னார். ஆறேழு தடவை வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த மனுசன் கடைசித் தடவை ஒரு பிடி வெங்காயத்தோடு வந்தார்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், அல்லவா? இப்போதைக்கு விடாதீர்கள். சனி, ஞாயிறில் ஆட்களைப் பாருங்கள். இல்லாத குரல் கேட்கிறது என்று சொல்பவரைக் கண்ணை மூடவே வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மற்றதை நேரில் வாருங்கள், கதைப்போம். அந்தத் தாள்கள் இல்லாமல் வாருங்கள்.

அந்த அம்மா இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தார். "எனக்குக் கீழ இறங்க ஏலாது, முத்தத்தில நிண்டால் போதும்" என்றார். சரி, முற்றத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விடியக் கூட்டுவாராம். பத்துப் படிக்குப் பதிலாக விளக்குமாற்றால் பத்து வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் மணலில் பிறை மாதிரி ஒரு கோடு விழுகிறது. நான் மெதுவாக எண்ணிக்கொண்டு போனேன். தோள் இறங்கியது, மூச்சு நீண்டது. பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணைத் திறக்காமலே, "பொறுங்கோ பிள்ளை, கிணத்தடிப் பக்கம் இன்னும் கூட்டேல்லை" என்றார்.